ஊர் கேட்காத மீட்டிங்

குடியை நிறுத்துவது கிருபாசங்கருக்கு ஒரு பெரிய காரியமாகவே தெரியவில்லை. யாரோடு உட்கார்ந்து நிறுத்துவது என்பதுதான் அவனுடைய கவலை. துடியலூரில் நாலு ஆட்களை வைத்து லேத் பட்டறை நடத்துகிறவன், அன்னூர்ப் பக்கம் ஆறு ஏக்கர் பூமி உள்ளவன், நாற்பத்தியோரு வயசில் கண்டவனோடு உட்கார்ந்து 'நான் குடிகாரன்' என்று சொல்ல முடியுமா? குடிக்க மட்டும் கண்டவனோடு உட்காரலாம். துடியலூர்க் கடையில் பழைய பேப்பர் எடுக்கிற ஆளும் இவனும் ஒரே தண்ணீர் பாட்டிலைப் பங்கு போட்டதை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் அந்த ஆறு ஏக்கர் அவன் ஞாபகத்துக்கு வந்ததில்லை.

கல்யாணம் ஆகவில்லை. கொங்கு நாட்டில் பெண் கிடைக்காமல் நாற்பதைத் தாண்டியவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், அதில் தானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்தது. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் காப்பி டம்ளரை வாங்கும்போது கை ஆடி, பெண்ணின் அப்பா வேட்டியில் பாதிக் காப்பியைக் கொட்டினதை அவன் யாரிடமும் சொல்வதில்லை. காலை நேரத்தில் அவன் கை நடுங்கும். ஒரு தொண்ணூறு மில்லி உள்ளே போனால் நின்றுவிடும். பட்டறையில் மிஷினைத் தொட்டு மூன்று வருசம் ஆகிறது. அளவு பார்க்கிற வேலையையும் ஆட்களிடம் விட்டுவிட்டு, முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து அவர்களைத் திட்டுகிற வேலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டான்.

அப்பா அம்மா இல்லை. பெண்டாட்டி பிள்ளை இல்லை. நாலு பேர் நடுவில் அவனைக் கூப்பிட்டு உட்கார வைக்க இந்த உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அவனுடைய தங்கை லோகப்பிரியா அவிநாசியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் பிள்ளைகளுக்கு இவன் தாய்மாமன். தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்துவார்கள். அன்றைக்கு ஒருநாள், குடிகாரனோ கோமாளியோ, தாய்மாமன்தான் பெரிய மனுசன்.

அந்த ஒருநாளையும் அவன் ஒருமுறை கெடுத்து வைத்திருந்தான். அஞ்சு வருசத்துக்கு முன்னால் மூத்தவன் சசிதருக்குக் காது குத்தும்போது, ஆசாரி ஊசியை வைத்த நேரத்தில் பிள்ளை துள்ளினான். தலையைப் பிடித்திருக்க வேண்டிய கை எங்கேயோ இருந்தது. ஊசி மடலின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கும் சசிதரின் இடது காதில் அரிசி நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. "ஆசாரிக்குக் கண்ணு மங்கிப்போச்சு, அவனெல்லாம் ஊசி எடுக்கலாமா" என்று கிருபாசங்கர் அன்றைக்கே பந்தியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான். அஞ்சு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த ஆசாரி பாவம், அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் யாரும் அவரைக் காது குத்தக் கூப்பிடவில்லை.

போன ஆடியில் லோகப்பிரியா துடியலூர் வந்தாள். அண்ணன் வீட்டைப் பெருக்கி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, தையில சின்னவ ரித்திகாவுக்குக் காது குத்தறோமுங்க. கோயில்ல சொல்லியாச்சு. மடி உங்களுதுதான். ஆனா நீங்க குடிய உட்டிருக்கோணும்."

"உட்டாப் போச்சு அம்மணி. இதென்ன பெரிய வித்தையா?"

"நீங்களா உட மாட்டீங்க. குடிய உட்டவங்க எல்லாம் கூடி உக்காந்து பேசற மீட்டிங் நடக்குதாமா. வாராவாரம் போங்க. தைக்குள்ள உடலீன்னா, மதன் அண்ணன் மடியில உக்கார வெச்சுப்போடுவேன்."

மதன்குமார் பெரியப்பா மகன். பால் சொசைட்டியில் செக்ரட்டரி. பக்கத்து வீதிக்குப் போவதற்கும் ஹெல்மெட் மாட்டுவான். கல்யாண வீட்டில் மோர் கேட்டு வாங்கிக் குடிப்பான்.

"மதனா? அவனெல்லாம் ஒரு ஆளா அம்மணி?"

"குடிக்காத ஆளுங்ணா" என்றாள் அவள்.

அன்றிலிருந்து கிருபாசங்கர் தனக்கேற்ற மீட்டிங்கைத் தேட ஆரம்பித்தான். துடியலூரிலேயே வியாழக்கிழமை தோறும் ஒன்று நடந்தது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. வண்டியை வாசலில் நிறுத்தினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பதினைந்து வருசமாகச் சாராயக் கடை வாசலில் பட்டப்பகலில் அதே வண்டியை நிறுத்தினவனுக்கு, குடியை விடப் போகிறோம் என்று தெரிவதில்தான் மானம் போயிற்று.

ஆவணியில் டவுனில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் இரண்டுக்குக் கை உடைந்திருந்தது. வாசலில் நின்றவர் மரியஅந்தோணி. அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டையர் ஆனவர், குடியை விட்டுப் பத்தொன்பது வருசம். தொளதொளவென்று ஒரு பேண்ட், அதை இழுத்துக் கட்ட ஒரு பெல்ட்.

"வணக்கமுங்க. உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கிருபாசங்கர் ஆரம்பித்தான். ஒரு மனுசனோடு வேறு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? ஊர் தெரிந்தால் யார் வீடு என்று தெரியும். வீடு தெரிந்தால் என்ன பூமி, யாருக்கு யார் என்ன வேண்டும் என்று தெரியும். அதெல்லாம் தெரிந்தால்தான் இந்த ஆளுக்கு எவ்வளவு மரியாதை கொடுப்பது என்று முடிவு பண்ண முடியும்.

"இங்க ஊரெல்லாம் கேக்கறதில்லைங்க தம்பி. பேர் போதும்" என்றார் மரியஅந்தோணி. பேரைக் கேட்டுக்கொண்டு, "இன்னிக்குக் குடிச்சீங்களா?" என்றார்.

கிருபாசங்கருக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. வந்த ஆளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை, எந்த ஊர், யார் வீடு என்று ஒரு விசாரிப்பு இல்லை, எடுத்த எடுப்பில் இப்படியா ஒரு கேள்வி? "இல்லீங்க" என்றான். கிளம்பும்போது கை நடுங்காமல் இருக்கப் போட்ட தொண்ணூறு மில்லியை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்றைக்கு லியோ என்கிறவர் பேசினார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஒருநாள் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் மூன்று வயசு மகளைச் சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, 'அஞ்சு நிமிசத்துல வந்தர்றேன் கண்ணு' என்று சொல்லிக் கடைக்குப் போனாராம். மறுநாள் காலையில்தான் அவருக்கு மகள் ஞாபகம் வந்தது. பூ விற்கிற ஓர் அம்மாள் பிள்ளையைத் தன்னோடு வைத்துக் காப்பாற்றியிருந்தாள். "அவளுக்கு இப்ப இருபது வயசு. இன்னமும் பஸ் ஸ்டாண்டுல நின்னா என் சட்டையைப் புடிச்சுக்குவா" என்று சொல்லி நிறுத்தினார். யாரும் அவரைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. மரியஅந்தோணி மட்டும் தலையை ஆட்டினார்.

கிருபாசங்கர் லியோவின் அறுந்து தைத்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஆளும் நானும் ஒன்றா? பெற்ற பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டுப் போகிறவன் இருக்கிற இடத்தில் எனக்கென்ன வேலை? லியோவே கொண்டுவந்து நீட்டின டீயை வேண்டாம் என்று கையைக் காட்டினான். வெறும் சுடுதண்ணீரில் கலர் போட்டது மாதிரி இருந்தது அது. "அது நம்மாளுங்க போற எடமில்ல அம்மணி" என்று அன்றைக்கே தங்கைக்குப் போன் பண்ணினான்.

புரட்டாசியில் சரவணம்பட்டிப் பக்கம் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்று. நடத்தினவன் ரவிதேஜா, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. குளுகுளு ரூம், தரையில் மெத்தை, பிஸ்கட் தட்டு. பேச்செல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொருத்தன் பேசி முடித்ததும் மற்றவர்கள் கை தட்டினார்கள். ஊர் கேட்காதது மட்டுமில்லை, இவன் சொன்ன பேரையே 'கிருபா' என்று பாதியாக வெட்டிவிட்டார்கள். கடைசியில் எல்லோரும் கண்ணை மூடி அவரவர் மூச்சைக் கவனிக்க வேண்டும் என்றான் ரவிதேஜா. கிருபாசங்கர் கவனித்தான். அவன் மூச்சில் அடித்த நெடி அவனுக்கே குப்பென்று வந்தது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன், 'சொகுசுப் பசங்க, இவனுகளுக்கெல்லாம் குடின்னா என்னன்னு தெரியுமா' என்று காரித் துப்பினான்.

ஐப்பசியில் கோபிச்செட்டிபாளையத்து மீட்டிங் கிடைத்தது. அன்னூர், புளியம்பட்டி, நம்பியூர் வழியாக இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அவ்வளவு தூரத்தில் தெரிந்தவன் எவனும் வர மாட்டான் என்பதற்காகவே போனான். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வெள்ளை வேட்டி கட்டின ஏழெட்டுப் பேர் எழுந்து நின்றார்கள்.

"வாங்க வாங்க! ஏனுங்க, இத்தன தூரம் தனியாவா வந்தீங்க? மொதல்ல தண்ணி குடிங்க."

சொம்பை நீட்டினவர் நஞ்சுண்டன். அறுபது வயசு, தென்னந்தோப்புக்காரர், அவர்தான் அங்கே எல்லாம். இவன் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் கேட்டார்: "உங்களுக்கு எந்த ஊருங்க? குலதெய்வம் எந்தக் கோயிலுங்க?"

கிருபாசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. மனுசன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! ஊரைச் சொன்னான், கோயிலைச் சொன்னான், பூமியைச் சொன்னான். தங்கையை அவிநாசியில் கொடுத்திருப்பதையும், அவள் மாமனார் பேரையும், அவர் தோட்டம் எந்தப் பக்கம் என்பதையும், கேட்காமலே சொன்னான். நஞ்சுண்டன் தொடையைத் தட்டினார். "அட, அவரு எனக்குச் சித்தப்பா பையனுங்க! அப்ப நீங்க எனக்கு மாப்பிள்ளை முறை ஆகோணும்." அன்றைக்கு முழுக்க அவன் மாப்பிள்ளைதான்.

அந்த மீட்டிங் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அச்சடித்த ஒரு தாளை ஒருவர் எடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல மளமளவென்று படித்து மடித்து வைப்பார். அதோடு குடிப் பேச்சு தீர்ந்தது. அப்புறம் தேங்காய் விலை, வாய்க்காலில் தண்ணீர் விட்டது, யார் வீட்டில் நிச்சயம், யார் பையன் ஆஸ்திரேலியா போகிறான். பன்னிரண்டரைக்கு அரிசியும் பருப்பும் சாதம், நெய் ஊற்றி. யாரைப் பார்த்தும் யாரும் 'குடிச்சீங்களா' என்று கேட்டதில்லை. பெரிய மனுசர்களைப் பார்த்து அப்படிக் கேட்கலாமா? ஒருதரம் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர், பெண்டாட்டியை அடித்ததைச் சொல்ல ஆரம்பித்து அழுதுவிட்டார். "அட உடுங்க வாத்தியாரே, ஆம்பளைக்கு ஆயிரம் இருக்கும். வாங்க, சோறு ஆறிப்போகுது" என்று நஞ்சுண்டன் அவர் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துப் போனார். வாத்தியார் அதற்கப்புறம் வரவில்லை. அவரைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. மரியாதையில் அப்படி ஊறிப்போன கூட்டம் அது. பக்கத்து ஆள் இருமிச் செத்தாலும் 'உடம்புக்கு என்னங்க' என்று கேட்டு அவர் மனசைப் புண்படுத்த மாட்டார்கள்.

கிருபாசங்கர் மூன்று மாசம் ஒரு வாரம்கூடத் தவறாமல் போனான். திரும்பி வருகிற வழியில் புளியம்பட்டியைத் தாண்டி ஒரு கடை இருந்தது. ஒரு வாரமும் அதையும் தவறவிடவில்லை. மீட்டிங் போகிறேன் என்று தங்கையிடம் சொன்னது பொய்யில்லை, அதனால் மற்றதும் பொய்யில்லை என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

"நல்ல மீட்டிங் அம்மணி. உன்ற மாமனார் வழியில ஒருத்தர்தான் நடத்தறாரு. எல்லாம் நம்ம சனம்."

"சந்தோசமுங்ணா" என்றாள் லோகப்பிரியா. ரித்திகாவுக்குப் பட்டுப்பாவாடை எடுத்தபோது, மடியில் போட்டுக்கொள்ள அண்ணனுக்கும் ஒரு பட்டுத்துண்டு எடுத்து வைத்தாள்.

தை பிறந்தது. காது குத்தன்று விடியற்காலையில் அவிநாசிக்குப் பக்கத்தில் இருந்த கோயிலுக்குக் கிருபாசங்கர் வந்து சேர்ந்தான். சீர்த்தட்டு ஏழு, புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. லோகப்பிரியா ஓடிவந்து காப்பி கொடுத்தாள். வாங்கின டம்ளர் அடியில் இருந்த வட்டாவில் மோதிக் கடகடவென்று அடித்தது. காப்பி அவன் விரலெல்லாம் வழிந்தது. "பனி, அம்மணி. காரு முழுக்க ஒரே குளிரு" என்றான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். இவன் தோளுக்குத் துண்டு எடுத்து வருவதாகச் சொல்லிக் காருக்குப் போனான். பத்து நிமிசம் கழித்து இன்னொருதரமும் போனான்.

மாமனார் வழி உறவு என்பதால் நஞ்சுண்டனுக்கும் பத்திரிகை போயிருந்தது. உறவைத் தோண்டித் தோண்டி எடுத்துக் கொடுத்தவன் இவனேதான். அவர் பந்தலில் வந்து உட்கார்ந்ததும் லோகப்பிரியா நேரே போய் நின்றாள்.

"மாமா, அண்ணன் உங்க மீட்டிங்குக்கு வந்துட்டிருக்காருங்களே. குடிய உட்டுட்டாருங்களா?"

நஞ்சுண்டன் திகைத்துப்போனார். "அதெப்படி அம்மணி கேக்கறது? நல்லா இருக்குமா?"

"கேட்டதே இல்லீங்களா?"

"மூணு மாசமாப் பழகறோம், மாப்பிள்ளை தங்கமான மனுசன். அப்படிப்பட்டவரப் போயி…"

"அப்ப மூணு மாசமா என்னதானுங்க மாமா பேசுனீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "எல்லாம் பேசுவோம் அம்மணி" என்றார்.

அதற்குள் முகூர்த்த நேரம் வந்துவிட்டது. கிருபாசங்கர் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டுத்துண்டை மடியில் விரித்துவிட்டு, நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். வாயில் ஏலக்காய். புது ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ரித்திகா அம்மா இடுப்பில் இருந்தாள்.

லோகப்பிரியா குனிந்து, சின்னத் தோடு இரண்டு இருந்த வெற்றிலையை அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள். "இதக் கொஞ்ச நேரம் புடிங்கண்ணா." அவன் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டான். இலை அசையவில்லை. கை கல்லு மாதிரி நின்றது. அவனுக்கே பெருமையாக இருந்தது.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூடக் கேட்காத குரலில் சொன்னாள்: "காலைல அப்படி நடுங்குன கை இப்ப நடுங்கலீங்களே அண்ணா."

பிறகு இலையை எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்து, "மதன் அண்ணா, நீங்க வந்து உக்காருங்க" என்றாள்.

யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கொங்கு நாடு. நூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு தாய்மாமன் எழுந்து போகிறான், ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! மதன்குமார் வந்து, "தப்பா நெனைக்காதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் இடது கை பிள்ளையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தது. ரித்திகா வீல் என்று ஒரு கத்தல் கத்தினாள், இரண்டு காதும் முடிந்தது. பந்தியில் கிருபாசங்கரை முதல் வரிசையில் உட்கார வைத்து, "இன்னொரு ஜிலேபி வைங்க, நல்லாச் சாப்பிடுங்க" என்று ஆளாளுக்கு உபசரித்தார்கள். நஞ்சுண்டன் பக்கத்திலேயே உட்கார்ந்து தேங்காய் விலை ஏறியிருப்பதைச் சொன்னார். எதிர் வரிசையில் சசிதர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குனியும்போதெல்லாம் அந்த இடது காது தெரிந்தது. கிருபாசங்கரால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் சர்ச் ஹால் வாசலில் நின்றான். வேறு போக்கிடம் இருந்திருந்தால் வந்திருக்க மாட்டான், அதில் சந்தேகமே வேண்டாம். அதே உடைந்த நாற்காலி, அதே தொளதொளப் பேண்ட். இத்தனை நாளாக எங்கே போனாய் என்று மரியஅந்தோணி கேட்கவில்லை.

"இன்னிக்குக் குடிச்சீங்களா?" என்றார்.

கிருபாசங்கர் "குடிச்சேனுங்க. ரெண்டு மணிக்கு" என்றான்.

"சரி. உள்ள வாங்க, உக்காருங்க."

லியோ டீ கொண்டுவந்தார். இன்னமும் சுடுதண்ணீர்தான் அது. கிருபாசங்கர் வாங்கிக் குடித்தான். அவன் முறை வந்தபோது எழுந்து நின்று, "என் பேர் கிருபாசங்கருங்க, எனக்குத் துடிய…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"என்ற மருமகனுக்குக் காதுல ஒரு தழும்பு இருக்குதுங்க. ஆசாரி கண்ணு தெரியாமக் கிழிச்சுப்போட்டாருன்னு அஞ்சு வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன். ஆசாரி சரியாத்தானுங்க குத்துனாரு. பையன் தலையைப் புடிக்காம உட்டது நானுங்க."